தராசும் நகரை மீன் குழம்பும்

ராமநாதபுரம்
6.7.2008

அன்புத் தங்கை செவ்வந்திக்கு,

அண்ணன் நாகநாதன் எழுதுவது. இக்கடிதத்தில் வருபவை:

1. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன்
2. உன் இரவு மெஷின்
3. உன் சாப்பாடு
4. உன் எடை
5. உன் மதினி சொல்லச் சொன்னது

ஒன்று. போனில் உன்னிடம் பேசும்போது நினைத்ததில் பாதிதான் வாயில் வருகிறது. மீதியை, போனை வைத்த பிறகு சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "செவுத்துக்கு எதுக்கு இம்புட்டு பத்தியம் சொல்றீக?" என்று உன் மதினி ராமலெட்சுமி கேட்கிறாள். ஆகவே கடிதம்.

இரண்டு. ஏப்ரலில் மதுரையில் உன் வயிற்றில் குழாய் வைத்து அனுப்பினார்கள். படுக்கும்போது மெஷினை அதில் மாட்டிக்கொள்கிறாய். நீ தூங்கும்போது அது மருந்துத் தண்ணீரை வயிற்றில் விட்டு, கழிவோடு திரும்ப எடுக்கிறது. விடிந்தால் கழற்றிவிடலாம். மற்றவர்கள் டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக் கிடக்கிறார்கள். உனக்குப் பகல் முழுவதும் உன்னுடையது. தொண்டியில் உன் தையல் வகுப்பை மூட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

மூன்று. சிறுநீரகம் பழுது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடமாக நாம் கடைப்பிடித்த முறையை, மெஷின் வந்துவிட்டது என்பதற்காகத் தளர்த்தக் கூடாது. பருப்பு, மீன், முட்டை, கறி வேண்டாம். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். முன்பு அரைகுறையாக வேலை செய்த சிறுநீரகத்துக்கே அவ்வளவு கட்டுப்பாடு என்றால், இப்போது இன்னும் கண்டிப்பு வேண்டும் என்பது என் யோசனை. தவறாக இருக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். தவறு தெரியவில்லை.

நான்கு. நான் வாங்கித் தந்த தராசில் ஏறி வாராவாரம் எடை சொல்கிறாய். ஏப்ரலில் ஐம்பத்திரண்டு கிலோ. இப்போதும் ஐம்பத்திரண்டு. எடை குறையவில்லை என்றால் சாப்பாடு போதுகிறது என்று பொருள். உப்புத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் வாலிநோக்கத்தில் உப்பை எடைபோட்டும் சோதித்தும் பழகியவன் நான். என் வாழ்க்கையில் பல விஷயங்களில் எனக்குச் சந்தேகம் உண்டு. தராசில் இல்லை.

ஐந்து. மதினி சொன்னது: "அவ வாய்க்கு ருசியா எதையாச்சும் வயித்துல போடச் சொல்லுங்க." அப்படியே எழுதியிருக்கிறேன். இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அன்புடன்,
நாகநாதன்


தொண்டி
14.7.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஐந்து குறிப்புகளையும் தையல் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "எங்க காலேஜுல கூட இப்பிடி நோட்ஸ் குடுக்க மாட்டாகக்கா" என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தி மட்டும், "பரீட்சை எப்பக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த வாரம் முழுக்கப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற வேலைதான்.

நான் நன்றாக இருக்கிறேன். பகலில் ஒரு மெஷின் காலில் ஓடுகிறது, இரவில் ஒரு மெஷின் வயிற்றில் ஓடுகிறது. இரண்டுக்கும் கரன்ட் போனால் கவலையில்லை. ஒன்றுக்கு என் கால் இருக்கிறது, மற்றதற்கு மகன் அனுப்பிய இன்வெர்ட்டர்.

இரவு உள்ளே போகிற தண்ணீரில் சர்க்கரை இருக்கிறதாம். விடிந்ததும் வயிறு கல்யாண வீட்டிலிருந்து வந்ததுபோல் நிறைந்திருக்கிறது. நான் போகாத கல்யாணம். அதனால் காலையில் ஒன்றும் இறங்குவதில்லை. மதியம் உங்கள் முறைப்படி சோறும் சுரைக்காயும். சுரைக்காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் தட்டில் மிஞ்சுவது சுரைக்காயின் ஞாபகம்தான் அண்ணே.

எடை ஐம்பத்திரண்டே. ஆனால் ஒரு வேடிக்கை. என் ஜாக்கெட் கைகளை இரண்டாவது முறையாகப் பிடித்துத் தைத்தேன். அளவு நாடா இழுபட்டுப்போச்சு என்று புதிது வாங்கினேன். புது நாடாவும் அதையேதான் காட்டுகிறது. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான். சாயங்காலமானால் கணுக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறது. வயசாக வயசாகச் சதை கீழே இறங்கும்போல.

இப்போது ஒன்று சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு சல்மா உங்களுக்குத் தெரியும், அவள் வீட்டுக்காரருக்குப் படகு இருக்கிறது. வெள்ளிக்கிழமை நகரை மீன் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். போன வாரமும் ஒரு முட்டை சாப்பிட்டேன். அதற்கு முந்தின வாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மீன் சாப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலம் நாலு ஜாக்கெட் வெட்டினேன், கை சோரவில்லை. அது வெறும் மனசாகவும் இருக்கலாம். திட்டி எழுதுங்கள். எண் போட்டுத் திட்டுங்கள்.

தங்கை,
செவ்வந்தி


ராமநாதபுரம்
18.7.2008

அன்புத் தங்கைக்கு,

இக்கடிதத்தில் வருவது ஒன்றே:

1. மீன்

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. கெடுதல் உடனே தெரியாது. தெரிகிறபோது மதுரைக்கு ஓட வேண்டியிருக்கும். சல்மா அன்போடு கொடுக்கிறார், அதில் சந்தேகமில்லை. உன்னால் வேண்டாமென்று சொல்ல முடியாது, அதிலும் சந்தேகமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அவரிடம் பக்குவமாகப் பேசுகிறேன்.

இதைச் சொன்னபோது உன் மதினி, "நீங்களா? பேசவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

நாகநாதன்


தொண்டி
29.7.2008

அண்ணனுக்கு,

பக்குவமாகப் பேசுகிறேன் என்றீர்கள். பேசினீர்களா?

சல்மா, "வாங்கண்ணே, உக்காருங்க, சாயா போடுறேன்" என்றிருக்கிறாள். உட்கார்ந்தீர்கள். சாயா குடித்தீர்கள். மழை உண்டா என்று கேட்டீர்கள். பிறகு டம்ளருக்கு அடியில் ஒரு கவரை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டீர்கள். அதற்குள் இருந்ததை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று, மீன். இரண்டு, கறி. மூன்று, முட்டை. நான்கு, பருப்பு. ஐந்து, மேற்கண்டவை தங்கள் வீட்டிலிருந்து இனி என் தங்கைக்கு வேண்டாம். அதற்குக் கீழே பென்சிலில், ஆறு, தேநீர் நன்றாக இருந்தது.

"ஏங்க்கா, எங்க வீட்டுச் சட்டி சுத்தமில்லையா? வாயால சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப்போறேன். எழுதிக் குடுத்தா அது வக்கீல் நோட்டீசுல்ல?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அன்றையிலிருந்து அவள் வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறாள். மழையைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் தேடுகிறாள்போல.

இனி உங்கள் முறைப்படியே சாப்பிடுகிறேன். ஒரு துளி பிசகாது. நானாக எழுதும்வரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

செவ்வந்தி


ராமநாதபுரம்
11.8.2008

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆகவே இது கடிதம் அல்ல, சிறு குறிப்பு. எண்களும் போடவில்லை.

அந்தக் கவரை வைத்தபோதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பஸ்ஸில் தேவிபட்டினம் தாண்டும்வரை திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசித்தேன். பேசத்தான் போனேன். அந்த அம்மாள் சிரித்த முகமாக இருந்தார். சிரித்த முகத்திடம் எப்படி வேண்டாமென்று சொல்வது?

ஆனால் முறை தவறு என்று எனக்கு இன்னமும் தோன்றவில்லை. உன் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது என்று மதினியிடம் போனில் சொன்னாயாமே. கேட்டதும் அவளைக் கேசரி கிண்டச் சொன்னேன். நீ இல்லாமல் உன் எடைக்காக நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நாகநாதன்


தொண்டி
3.9.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபத்தை ஒரு பக்கம் மடித்து வைத்துவிட்டு எழுதுகிறேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போயிருந்தேன். இரத்தம் சோதித்தார்கள். உடம்பில் புரதச் சத்து எப்படி இருக்கிறது என்று காட்டுகிற ஆல்புமின் என்று ஒன்று உண்டாம். மூன்றரையாவது இருக்க வேண்டுமாம். எனக்கு இரண்டு புள்ளி ஆறு. டாக்டர் என்னை டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பொண்ணு. என் மேல்கையைப் பிடித்து நாடாவைச் சுற்றினாள். அளவைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குச் சோறு போடுறது யாரும்மா?"

"நான்தான் சமைக்கிறேன். எங்கண்ணன் எழுதிப் போடுவாரு."

"என்ன எழுதிப் போடுவாரு?"

சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை உங்கள் பாணியில் எண் போடாமல் சொல்கிறேன். மெஷின் வருவதற்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்னது, பழுதான சிறுநீரகத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதற்காக. இப்போது கதை தலைகீழ். ஒவ்வொரு இரவும் மெஷின் வெளியே எடுக்கிற தண்ணீரில் கழிவோடு புரதமும் போய்விடுகிறது. போனதைச் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டும். நான் ஈடுகட்டவில்லை. அதனால் உடம்பு தன் சதையைத் தானே எடுத்துச் செலவழிக்கிறது.

எடை குறையவில்லையே என்று உங்களுக்காகக் கேட்டேன். "சத போன எடத்துல தண்ணி நிக்கிதும்மா. கணுக்கால அமுக்கிப் பாருங்க" என்றாள். அமுக்கினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. ஜாக்கெட் கை தொளதொளத்ததற்கு நாடாக் கடைக்காரனைத் திட்டினேனே, பாவம் அந்த மனுஷன்.

நவம்பர் கடைசியில் மறுபடி சோதிப்பார்களாம். ஏறவில்லை என்றால், இவ்வளவு பலவீனத்தில் வயிற்றில் சீழ் பிடிக்கிற பயம் இருப்பதால், மெஷினை நிறுத்திவிட்டு வாரம் மூன்று நாள் மதுரைக்கு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். போக ஒரு பொழுது, வந்து படுக்க ஒரு பொழுது. பகல் போய்விடும் அண்ணே. வகுப்பும் போய்விடும். நான் அழவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் என்னைப் பார்த்து அழுதாள்.

இனிமேல் தினமும் முட்டை, வெள்ளைக் கரு மட்டும். உள்ளங்கை அகலம் மீன். பருப்பு ஒரு கரண்டி. ஒரேயடியாகச் சாப்பிட முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, தட்டில் முதலில் முட்டையும் மீனும், பிறகுதான் சோறு. காயை இனிமேல் அந்த அளவு வடிக்க வேண்டாமாம். உப்பும் தண்ணீரும் மட்டும் பழையபடி அளவோடு. கருவாடு கிட்டவே வரக் கூடாது. சாப்பாட்டோடு ஒரு மாத்திரை.

ஆனால் மீன் வாடையில் அடுப்படியில் நின்றால் எனக்குக் குமட்டுகிறது. யாராவது சமைத்துக் கொடுத்தால் இறங்குகிறது. கொடுத்துக்கொண்டிருந்தவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வந்தி


ராமநாதபுரம்
6.9.2008

அன்புத் தங்கைக்கு,

இக்கடிதத்தில் வருபவை:

1. மன்னிப்பு
2. ஏப்ரலில் நாம் பிடித்த பஸ்
3. தராசு
4. சல்மா

ஒன்று. இதற்கு மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிடு.

இரண்டு. நீ டிஸ்சார்ஜ் ஆன அன்று, சாயங்காலம் டயட் வகுப்பு இருக்கிறது, இருந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்று நர்ஸ் சொன்னார். "அதெல்லாம் மூணு வருஷமா எங்ககிட்ட இருக்கும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி உன்னை அழைத்துவந்தவன் நான். வெளி ஆளிடம் நான் தயங்காமல் பேசிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று இப்படிப் போயிற்று.

மூன்று. அந்தத் தராசை இன்றே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடு. இனி அது உன் வீட்டில் இருக்கக் கூடாது. உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நான்கு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கவர் கொண்டுவர மாட்டேன். சட்டைப் பையைக்கூட மதினி சோதித்துத்தான் அனுப்புவாள். நோன்பு மாதம் என்பதால் பகலில் போய் அவரைச் சாயா போட வைக்கக் கூடாது. சாயங்காலமாக வருகிறேன். நீ கூட வராதே. நீ பக்கத்தில் இருந்தால் உன்னைப் பேசச் சொல்லிவிடுவேன்.

நாகநாதன்


தொண்டி
17.9.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு சல்மா வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்கண்ணன் வந்து நின்னாகக்கா. 'அம்மா'ன்னாக. அப்புறம் 'நான்'ன்னாக. ரெண்டுக்கும் நடுவுல பாங்கு சொல்லி, நான் நோன்பு தொறந்து, கஞ்சியும் குடிச்சு முடிச்சிட்டேன். அவுகளுக்கும் ஒரு கோப்ப குடுத்தேன். குடிச்சுப்புட்டு, 'ஒங்க சட்டில ஒரு கொறையும் இல்லம்மா, என் தலையிலதான்'னாக. பெறகு நான் என்னத்தச் சொல்ல? இனி அவுக எழுதிக் குடுத்தாலும் வாங்கி வச்சுக்கிருவேன்."

மழையைப் பற்றிக் கேட்கவில்லையாமே. முன்னேற்றம்தான்.

இப்போது நோன்புக்கு முன் விடியுமுன்னே சாப்பிடுகிற சஹருக்கு எழுகிறபோதே எனக்கும் சேர்த்து முட்டை அவித்து வைத்துவிடுகிறாள். விடிந்து நான் மெஷினைக் கழற்றியதும் சுவருக்கு மேலே ஒரு கை நீள்கிறது. மதியம் மீன். உப்புக் குறைத்து, புளி கூட்டி. முதல் இரண்டு நாள் பாதிதான் இறங்கியது. "தொண்டையில என்ன முள்ளா நிக்கிது? முழுங்குங்கக்கா. அங்கன ஒங்கண்ணன் இதுக்காக வாயத் தொறந்து பேசியிருக்காக, அவுக பேசுனது வீணாப் போகலாமா?" என்று காவல் நிற்கிறாள். அதற்காகவே விழுங்குகிறேன்.

தராசைச் சல்மாவுக்கே கொடுத்துவிட்டேன். பக்ரீத்துக்கு ஆடு வளர்க்கிறார்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள், பிறகு ஆடு இல்லாமல் ஏறுகிறாள், கழித்துப் பார்க்கிறாள். ஆட்டின் எடை தெருவுக்கே தெரியும். தன் எடையைக் கேட்டால், "அது ஆட்டுக்கு எதுக்கு?" என்கிறாள்.

தங்கை,
செவ்வந்தி


தொண்டி
27.11.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மீதி வரிகள் கண்ணில் படாது. மூன்று புள்ளி ஐந்து.

மெஷின் என்னோடுதான். "நடத்துங்க அம்மா ஒங்க வகுப்ப" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். டயட்டீஷியன் பொண்ணு நாடாவைச் சுற்றிவிட்டு, "கையில சத ஏறிருச்சே!" என்றாள். ஜூலையில் பிடித்துத் தைத்த ஜாக்கெட்டுகளை எல்லாம் இனிமேல் பிரித்துவிட வேண்டும். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தையலையும் பிரித்ததில்லை.

ஒரு விஷயம். "தெனம் காலையில எடை பாக்கணும்னு ட்ரெயினிங்ல சொன்னமே, எழுதி வச்ச தாள் எங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். தராசு ஆட்டுக்குப் போய்விட்டது என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. உடம்பில் தண்ணீர் கூடுகிறதா என்று உடனே காட்டிக்கொடுப்பது தராசுதானாம். ஒரு நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அப்போதே அவர்களுக்குப் போன் செய்ய வேண்டுமாம். ஆடு என்றதும் டயட்டீஷியன் பொண்ணு என்னை ஓரமாக இழுத்து, "அண்ணன் எழுதிப் போட்டாரா?" என்று கேட்டாள். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

செவ்வந்தி


ராமநாதபுரம்
1.12.2008

அன்புத் தங்கை செவ்வந்திக்கு,

இக்கடிதத்தில் வருபவை:

1. மூன்று புள்ளி ஐந்து
2. உன் மதினி
3. தராசு

ஒன்று. உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். தபால்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். என் தங்கைக்கு மூன்று புள்ளி ஐந்து என்றேன். குழந்தை எடையென்று நினைத்துக்கொண்டு, "ஆம்பளையா பொம்பளையா?" என்றார். விளக்கத் தைரியம் வரவில்லை. பொம்பளை என்றேன். நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உனக்குச் சேர வேண்டிய வாழ்த்து, ஆகவே அனுப்புகிறேன்.

இரண்டு. மதினி உனக்காக இரண்டு புது ஜாக்கெட் துணி எடுத்து வைத்திருக்கிறாள். "இப்ப அளவெடுத்துத் தைக்கட்டும், பழசப் பிரிச்சுக்கிட்டு இருக்க வேணாம்" என்றாள். இதில் எனக்கு முழு உடன்பாடு.

மூன்று. இதை யோசித்து எழுதுகிறேன். ஜூலையில் எடை குறையவில்லை, ஆகவே சாப்பாடு போதும் என்று எழுதினேன். செப்டம்பரில் பயந்துபோய், தராசால் ஒரு பயனும் இல்லை, தூக்கிக் கொடு என்று எழுதினேன். முதலில் அதை அளவுக்கு மீறி நம்பினேன், பிறகு அளவுக்கு மீறி வெறுத்தேன். இரண்டு தடவையும் தராசு சரியாகத்தான் காட்டியது. நின்றவளின் எடை ஐம்பத்திரண்டு என்று மட்டும்தான் அது சொன்னது. அதில் எது சதை, எது தண்ணீர் என்று அது சொல்லவே இல்லை. எல்லாம் சதை என்று எழுதியவன் நான். சதையைக் கவனிக்க உன் நாடா, தண்ணீரைக் கவனிக்கத் தராசு. இரண்டும் வேண்டும். இதை நான் டயட்டீஷியன் அம்மாவிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆம், போனில். மதினி சாட்சி.

ஆகவே சல்மாவிடம் சொல்லித் தராசைத் திரும்ப வாங்கிக்கொள். ஆட்டுக்கு இன்னும் தேவைப்பட்டால், பக்ரீத்வரை விடியற்காலையில் நீ முதலில் ஏறிக்கொள், ஆடு பிறகு ஏறட்டும். தினம் எடையை எழுதி வை. உன் செப்டம்பர் மாதக் கடிதக் கட்டில் என் மூன்றாவது குறிப்பின் மேல் ஒரு கோடு போட்டுவிடு. அது தவறு.

அன்புள்ள அண்ணன்,
நாகநாதன்